செடிக்கு ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. அப்புறம் வந்திருப்பது யார் என்று செல் சவ்வுக்கு எப்படித் தெரிகிறது?

#1 அரைகுறை
உயிரியலைப் பள்ளியோடு விட்டவன் நான். இப்போது சிறுவர் அறிவியல் புத்தகம் ஒன்றுக்குப் படம் வரைகிறேன். ஒரு பக்கத்துக்கு வந்த குறிப்பு இது: "பாக்டீரியா வந்ததும் தாவர செல்லின் சவ்வு எதிரியை அடையாளம் கண்டுகொள்கிறது." அவ்வளவுதான். இதை எப்படி வரைவது? சவ்வின் மேல் கண் வரைந்துவிட முடியாது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, செல்லுக்கு வெளியே தடித்த செல் சுவர் இருக்கிறது, சவ்வு அதற்கும் உள்ளே. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாக்டீரியாவைப் பற்றி இந்தப் பக்கம் இருக்கும் சவ்வுக்கு எப்படித் தெரிகிறது? இரண்டு, பயறு வகைச் செடிகளின் வேர், தனக்கு நைட்ரஜன் தரும் ரைசோபியம் பாக்டீரியாவைத் தானே உள்ளே விடுகிறது. அதே வேர் வேறு பாக்டீரியாவைத் தடுக்கிறது. நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துச் சொல்வது யார்?

தயவு செய்து "செடிக்கும் அறிவு உண்டு" என்று மட்டும் பதில் போடாதீர்கள். அதை வரைய முடியாது.

#2 பச்சையம்
செடிக்கு உணர்வு உண்டு என்பதை மறுக்க முடியாது. பாட்டுப் போட்டால் நன்றாக வளருமாமே?

#3 சந்தேகப்பிராணி
அதைத்தானே வேண்டாம் என்றார்!

#4 இலைத்துளை
சில வருடங்கள் இந்தத் துறையின் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குறிப்பில் உள்ள "எதிரி" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். சவ்வு எதிரியையும் பார்ப்பதில்லை, நண்பனையும் பார்ப்பதில்லை. முழு பாக்டீரியாவையே அது பார்ப்பதில்லை. பாக்டீரியாவிடமிருந்து உதிரும் துண்டுகளைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. செல் சுவர் செங்கல் சுவர் மாதிரி இல்லை. செல்லுலோசும் பெக்டினும் பின்னிய வலை. பாக்டீரியா நுழைய முடியாத அந்தக் கண்ணிகள் வழியே சின்ன மூலக்கூறுகள் தாராளமாகக் கடந்து வந்துவிடும்.

துறையில் எல்லோரும் முதலில் சொல்லும் உதாரணம் ஃப்ளாஜெல்லின். பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழை இந்தப் புரதத்தால் ஆனது. இதில் ஒரு பகுதி, வெறும் 22 அமினோ அமிலங்கள் நீளம், பல பாக்டீரியாக்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். காரணம், அந்தப் பகுதியை இஷ்டத்துக்கு மாற்றினால் கசையிழை சரியாக உருவாகாது, நீந்த முடியாது. மாற்ற முடியாத இந்தத் துண்டைத்தான் செடி பிடித்துக்கொண்டது. பிடிக்கும் ஏற்பியின் பெயர் எஃப்எல்எஸ்2. 2000ஆம் ஆண்டில் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் கண்டுபிடித்தார்கள். ஏற்பியின் ஒரு பகுதி சவ்வுக்கு வெளியே குதிரை லாடம் போல வளைந்து நிற்கும். நடுப்பகுதி சவ்வை ஒருமுறை ஊடுருவும். உள்ளே இருக்கும் வால் ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் ஒட்டிவிடும் நொதி.

துண்டு வந்து லாடத்தின் உள்வளைவில் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருக்கும் பிஏகே1 என்ற இன்னொரு ஏற்பி வந்து சேர்கிறது. 2013இல் வெளியான கட்டமைப்புப் படத்தைப் பார்த்தால் அந்த 22 அமினோ அமிலத் துண்டு இரண்டு ஏற்பிகளுக்கும் நடுவில் பசை மாதிரி இருப்பது தெரியும். வெளியே இரண்டும் ஒட்டினால், உள்ளே இரண்டு கைனேஸ்களும் பக்கத்தில் வந்து ஒன்றையொன்று தூண்டிவிடும். செய்தி சவ்வைக் கடந்தாயிற்று, துண்டு கடக்கவில்லை. நீங்கள் வரைய வேண்டியது இதைத்தான்.

அதற்குப் பிறகு வேலை வேகம். ஒன்றிரண்டு நிமிடங்களில் சவ்வின் கால்சியம் வாய்க்கால்கள் திறக்கின்றன. சாதாரண நேரத்தில் செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தை விட வெளியே சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். கதவைக் கொஞ்சம் திறந்தாலே போதும், உள்ளே பாயும். இன்னொரு பக்கம் பிஐகே1 என்ற கைனேஸ், சவ்விலேயே இருக்கும் ஆர்பிஓஎச்டி என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அது செல்லுக்கு வெளியே வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது உச்சத்துக்குப் போய் இறங்கும். மரபணுக்கள் இயங்குவது, சுவருக்கும் சவ்வுக்கும் நடுவில் கேலோஸ் என்ற அடைப்புப் பொருள் படிவது எல்லாம் அப்புறம்தான்.

#5 அரைகுறை
குதிரை லாடம்! கடைசியில் வரையக்கூடிய ஒரு பொருள் கிடைத்தது. நன்றி. ஒரு செல்லில் இந்த மாதிரி எத்தனை ஏற்பிகள் இருக்கும்?

#6 இலைத்துளை
இந்த அமைப்புள்ள கைனேஸ்களை எழுதி வைத்திருக்கும் மரபணுக்கள் அரபிடாப்சிஸில் 600க்கும் மேல். நெல்லில் ஆயிரத்தைத் தாண்டும். எல்லாமே நுண்ணுயிருக்காக இல்லை. வளர்ச்சி ஹார்மோன், செல் சுவரின் நிலை, மகரந்தக் குழாயின் வருகை என்று பல வேலைகளுக்கு இதே வடிவம்தான். செடிக்கு ஓடித் திரியும் வெள்ளணுக்கள் கிடையாது. அதனால் ஒவ்வொரு செல்லும் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

#7 கணிப்பொறிக்காரன்
எனக்கு இது ஆன்ட்டிவைரஸ் மாதிரி தெரிகிறது. முழுக் கோப்பையும் படிக்காமல், மாறாத ஒரு சின்ன கையொப்பத்தை மட்டும் தேடுகிறது. பிஏகே1 பல ஏற்பிகளுக்குப் பொதுவா?

#8 இலைத்துளை
பொதுதான். பிஏகே1 முதலில் வெளியே வந்ததே நோய் எதிர்ப்பில் இல்லை. 2002இல் பிராசினோஸ்டீராய்டு என்ற வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பிக்குக் கூட்டாளியாகத்தான் அறிமுகம். ஃப்ளாஜெல்லினுக்கும் அதே ஆள்தான் என்று 2007இல் தெரிந்தது. உங்கள் மொழியில் சொன்னால் பல நிரல்கள் கூப்பிடும் ஒரே லைப்ரரி. சிக்கலும் அதுதான், அந்த ஒன்றைக் கெடுத்துவிட்டால் பல வேலைகள் படுத்துவிடும். நோய்க்கிருமிகளுக்கு இது தெரியாதா என்ன? பிஏகே1ஐக் குறி வைக்கும் புரதங்களைக் கைவசம் வைத்திருக்கின்றன.

ஆனால் ஆன்ட்டிவைரஸ் ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்காதீர்கள். ஆன்ட்டிவைரஸ் உண்டு, இல்லை என்று சொல்லும். சவ்வு எவ்வளவு, எத்தனை நேரம், கூடவே வேறு என்ன என்பதையும் கணக்கில் எடுக்கிறது.

#9 சந்தேகப்பிராணி
ஒரு நியாயமான கேள்வி. அந்த 22 அமினோ அமிலத் துண்டு ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்தது. அதை ஊற்றினால் செடி துள்ளுகிறது, சரி. உண்மையான பாக்டீரியா வரும்போதும் இதுவே நடக்கிறது என்று எப்படி நம்புவது?

#10 இலைத்துளை
நல்ல கேள்வி. இதே கேள்வியை எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் வாராவாரம் கேட்பார், எரிச்சலாக இருக்கும்.

2004இல் ஒரு சோதனை வந்தது. எஃப்எல்எஸ்2 இல்லாத செடியின் இலை மேல் சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியாவைத் தெளித்தால் நோய் அதிகம். ஆனால் அதே பாக்டீரியாவை ஊசியில்லாத சிரிஞ்சால் இலைக்குள்ளேயே செலுத்தினால் சாதாரணச் செடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது இந்த ஏற்பி முக்கியமாக உதவுவது நுழைவாசலில்.

நுழைவாசல் என்பது இலைத்துளை (என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்). 2006இல் இன்னொரு குழு காட்டியது: பாக்டீரியா பட்ட ஒரு மணி நேரத்துக்குள் துளையின் இரு பக்கமும் உள்ள காப்பு செல்கள் துளையை மூடிவிடுகின்றன. அதே சூடோமோனாஸ் சும்மா இருக்குமா? கொரோனாடின் என்று ஒரு நச்சை விடுகிறது. அது செடியின் சொந்த ஜாஸ்மோனேட் ஹார்மோனைப் போல நடிக்கும். மூன்று மணி நேரத்தில் துளை மறுபடி திறந்துவிடும். கொரோனாடின் செய்ய முடியாத பாக்டீரியா வெளியிலேயே நிற்கிறது.

என் கதை ஒன்று. சேர்ந்த புதிதில் இலையிலிருந்து சின்ன வட்டுகளை வெட்டி, லூமினால் என்ற ஒளிரும் வேதிப்பொருளைப் போட்டு, ஆக்சிஜன் வெடிப்பின் (#4இல் சொன்ன வீரியமான ஆக்சிஜனின் திடீர் எழுச்சி) ஒளியை அளக்கச் சொன்னார்கள். முதல் நாள் வெட்டிய கையோடு அளந்தேன். எல்லா வட்டும் துண்டு ஊற்றும் முன்பே ஒளிர்ந்தன. வெட்டியதே காயம், அதற்கே செடி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. வட்டுகளை ஓர் இரவு தண்ணீரில் மிதக்க விட்டு அடங்க வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. சரி, மறு வாரம் அதையும் செய்தேன். இந்த முறை எதுவுமே ஒளிரவில்லை. மூன்று நாள் கரைசல்களைத் திட்டித் தீர்த்த பிறகுதான் விதைப் பொட்டலத்தைப் பார்த்தேன், டபிள்யூஎஸ்-0 என்ற வகை. அந்த வகைக்கு இயற்கையிலேயே வேலை செய்யும் எஃப்எல்எஸ்2 கிடையாது. ஏற்பி இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டேன்.

#11 சந்தேகப்பிராணி
ஏற்றுக்கொள்கிறேன். என் வாயை ஒளி மீட்டரால் அடைத்துவிட்டீர்கள்.

#12 வேர்முடிச்சு
தாமதமாக வருகிறேன். இரண்டாவது சந்தேகத்தை யாரும் தொடவில்லை. என் வயிற்றுப்பிழைப்பே அதுதான், எழுதிவிடுகிறேன்.

பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் இருக்கிறது. என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரை நீளமாகக் கோத்த சரம். செடி அதை நொதியால் வெட்டும்போது துண்டுகள் விழும். ஏழெட்டு சர்க்கரை நீளமுள்ள துண்டு கிடைத்தால் சவ்வு "பூஞ்சை" என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பைத் தொடங்குகிறது. இதைப் பிடிக்கும் ஏற்பிகளில் லைசின்எம் என்ற அமைப்பு இருக்கும். நெல்லில் 2006இல் ஒன்று, அரபிடாப்சிஸில் 2007இல் செர்க்1 என்று ஒன்று கிடைத்தது.

இப்போது ரைசோபியம் வேருக்கு அனுப்பும் சமிக்ஞையைப் பாருங்கள். நாட் காரணி என்பார்கள். 1990இல் அதன் வேதி அமைப்பைக் கண்டார்கள். அதே என்-அசிட்டைல் குளுக்கோசமைன்தான்! நாலைந்து சர்க்கரைகள், முனையில் ஒரு கொழுப்பு அமில வால், ஓரத்தில் சில அலங்காரங்கள். அதைப் பிடிக்கும் ஏற்பிகள் என்எஃப்ஆர்1, என்எஃப்ஆர்5 என்று 2003இல் லோட்டஸ் என்ற பயறு வகைச் செடியில் கிடைத்தன. அவற்றிலும் அதே லைசின்எம் அமைப்பு.

கைட்டின் வந்தால் சண்டை, கைட்டினின் தம்பி வந்தால் வரவேற்பு. ஏற்பிகளும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். 2020இல் வந்த ஒரு வேலையில், ஏற்பியின் வெளிப்பகுதியில் குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் மாற்றி, கைட்டின் பிடிக்கும் ஏற்பியை நாட் காரணிக்குப் பதில் சொல்ல வைத்தார்கள். அரைகுறை, நீங்கள் கேட்ட "நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துச் சொல்வது யார்" என்பதற்கு விடை இதில் பெரும்பகுதி இருக்கிறது. சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் ஒரு சின்னப் பரப்பு.

உள்ளே போகும் செய்தியும் வேறு. நோய்க்கிருமித் துண்டு வந்தால் கால்சியம் ஒரேயடியாக ஏறி இறங்கும். நாட் காரணி வந்தால் செல்லின் கருவைச் சுற்றிக் கால்சியம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏறக்குறைய ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் துடிக்கும், மணிக்கணக்கில். அந்தத் தாளத்தைப் படிக்க ஒரு கைனேஸ் இருக்கிறது. 2006இல் அந்தக் கைனேஸை எப்போதும் இயங்குகிற மாதிரி மாற்றிப் பார்த்தபோது, ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் வேரில் முடிச்சு (ரைசோபியம் குடியிருக்கும் வீக்கம்) வந்துவிட்டது. வெறும் முடிச்சு, உள்ளே குடியிருக்க ஆளில்லை. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த படம் அதுதான்.

#13 அரைகுறை
ஆளில்லாத வீட்டை வரைந்தே தீருவேன். ஆனால் ரைசோபியத்துக்கும் கசையிழை இருக்குமே? எஃப்எல்எஸ்2 சும்மா விடுமா?

#14 வேர்முடிச்சு
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சைனோரைசோபியம் மெலிலோட்டி என்ற ரைசோபிய வகையின் ஃப்ளாஜெல்லினில் அந்த 22 அமினோ அமிலப் பகுதி மாறிப்போயிருக்கிறது. எஃப்எல்எஸ்2 அதைப் பிடிப்பதில்லை. அதன் உறவுக்காரனும் நோய் தருவதுமான அக்ரோபாக்டீரியத்துக்கும் அப்படியே. ஆனால் கடுகுக் குடும்பச் செடிகளிடம் வேறு ஓர் ஏற்பி உண்டு, ஈஎஃப்ஆர். அது எல்லா பாக்டீரியாவிடமும் இருக்கும் ஈஎஃப்-டியூ என்ற புரதத்தின் முதல் 18 அமினோ அமிலங்களைப் பிடிக்கும். அக்ரோபாக்டீரியம் அங்கே மாட்டிக்கொள்கிறது. ஒரு கதவில் முகத்தை மறைத்தால் அடுத்த கதவில் குரலை வைத்துப் பிடிப்பார்கள்.

இன்னும் குழப்ப வேண்டுமா? நெல்லின் செர்க்1 ஏற்பி இரண்டு வேலையும் செய்கிறது. கைட்டினுக்கு எதிர்ப்பும் அதன் வழியாகத்தான், வேர்ப்பூஞ்சையான மைக்கோரைசாவை உள்ளே விடுவதும் அதன் துணையோடுதான். ஒரே ஏற்பி, யாரோடு ஜோடி சேர்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. மைக்கோரைசா உறவு மிகப் பழையது, 40 கோடி ஆண்டுக்கு முந்தைய புதைபடிவங்களிலேயே செடியின் செல்லுக்குள் அந்தப் பூஞ்சையின் கிளைகள் தெரிகின்றன. முடிச்சு அதற்கு வெகு பிந்தியது. பழைய அழைப்பு மணியின் கம்பியிலேயே புதிதாக ஒரு பொத்தானைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது பயறு.

#15 சந்தேகப்பிராணி
"வரவேற்பு", "தம்பி", "குடியிருக்க ஆள்" என்று அடுக்குகிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏமாற்றும். 2003இல் சோயா வேர்முடிச்சுகளில் ஒரு சோதனை செய்தார்கள். முடிச்சைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா நைட்ரஜன் தர முடியாத நிலை. அந்த முடிச்சுகளில் பாக்டீரியாவின் பெருக்கம் குறைந்துபோனது. செடி அந்த முடிச்சுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்ததற்கான அறிகுறியும் தெரிந்தது. வாடகை தராதவனுக்குக் காற்றை நிறுத்தும் வீட்டுக்காரரை நண்பர் என்று சொல்வீர்களா?

#16 வேர்முடிச்சு
வீட்டுக்காரர் என்றுதானே சொல்வேன். ஆளில்லாத வீடு என்று நான் எழுதியதை நீங்களே பிடித்துக்கொண்டு வாடகைக்கு விட்டுவிட்டீர்கள்! ஒப்புமைச் சண்டையை விட்டால், நீங்கள் சொன்ன சோதனை சரி.

ஒரு திருத்தம் சேர்க்கிறேன், சவ்வு பற்றியது. ரைசோபியம் "உள்ளே" போகிறது என்று எல்லோரும் எழுதுகிறோம். உண்மையில் அது செல்லின் உள்திரவத்தைத் தொடுவதே இல்லை. வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைப் பிடிக்கிறது, சவ்வு உட்புறமாக ஒரு குழாய் போல நீள்கிறது, பாக்டீரியா அந்தக் குழாயில் வரிசையாகப் பெருகிக்கொண்டு வருகிறது. கடைசியில் செல் விழுங்கும்போதும் சவ்வு அதைச் சுற்றிப் பையாக மூடிக்கொள்கிறது. சர்க்கரையிலிருந்து வந்த கரிம அமிலங்கள் உள்ளே போவதும், அம்மோனியா வெளியே வருவதும் அந்தப் பையின் சவ்வைத் தாண்டித்தான்.

#17 அரைகுறை
அப்போது நோய் தரும் பூஞ்சை உறிஞ்சுகுழல் நுழைக்கும் என்று படித்தேனே, அதுவாவது சவ்வைக் கிழிக்குமா?

#18 வேர்முடிச்சு
சாம்பல் நோய்ப் பூஞ்சையும் துரு நோய்ப் பூஞ்சையும் சுவரைத்தான் துளைக்கும். சவ்வு கிழியாமல் உள்வாங்கி, உறிஞ்சுறுப்பைச் சுற்றிப் போர்வையாகிவிடும். செல் உயிரோடு இருந்தால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. மைக்கோரைசாவின் கிளைகளைச் சுற்றியும் இதே மாதிரி போர்வை. அங்கே செடி தன் பாஸ்பேட் கடத்தி புரதங்களை நிறுத்தி வைத்து, பூஞ்சை கொண்டுவரும் பாஸ்பேட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் திருடனும் வியாபாரியும் ஒரே போர்வைக்குள்தான் இருக்கிறார்கள்.

#19 கணிப்பொறிக்காரன்
#8இல் கிருமிகள் பிஏகே1ஐக் குறி வைக்கும் என்று போகிற போக்கில் சொன்னீர்கள். காவலையே முடக்கினால் செடி என்ன செய்யும்?

#20 இலைத்துளை
சூடோமோனாஸ் ஊசி போன்ற ஒரு கருவியால் செடியின் சுவரையும் சவ்வையும் துளைத்து, சுமார் 30 வகைப் புரதங்களை உள்ளே செலுத்துகிறது. அதில் ஏவிஆர்பிடிஓபி என்று ஒன்று எஃப்எல்எஸ்2ஐயே அழிவுக்கு அனுப்பிவிடும். இன்னொன்று, ஏவிஆர்ஆர்பிடி2, சவ்வின் உட்புறம் ஒட்டியிருக்கும் ரின்4 என்ற செடிப் புரதத்தை வெட்டிப்போடும்.

அங்கேதான் பொறி. ரின்4க்குப் பக்கத்தில் ஆர்பிஎஸ்2 என்ற புரதம் காவல் நிற்கிறது. அது பாக்டீரியாவின் புரதத்தைத் தேடுவதில்லை. ரின்4 வெட்டுப்பட்டதா என்று மட்டும் பார்க்கிறது. வெட்டுப்பட்டால் கூச்சல், செல் தற்கொலை செய்துகொள்ளும் அளவுக்கு. ஏற்பி மட்டும் இருந்தால் கிருமியைத்தான் தேட வேண்டும். இந்த முறையில் கிருமி செய்யும் சேதத்தைத் தேடினால் போதும், எந்தக் கிருமி செய்தாலும் ஒன்றுதான்.

இதே குடும்பத்தில் சார்1 என்ற புரதத்தின் வடிவம் 2019இல் வந்தது. தூண்டப்பட்டதும் ஐந்து சார்1கள் சக்கரம் போலச் சேர்ந்து, நடுவில் ஒரு புனல் மேலெழுந்து, அது செல் சவ்வில் குத்திக்கொள்கிறது. சவ்வில் ஓட்டை விழுந்து எல்லாம் ஒழுகி செல் சாகிறது.

#21 விதைப்பெட்டி
கடைசி வரியில் ஒரு திருத்தம். அந்தப் புனல் ஒழுகும் ஓட்டை இல்லை. அது கால்சியம் வாய்க்காலாக வேலை செய்கிறது என்று 2021இல் காட்டிவிட்டார்கள். செல் அதற்குப் பிறகுதான் சாகிறது. 2022இல் கோதுமையின் ஒரு துரு எதிர்ப்புப் புரதமும் இதே மாதிரி ஐந்து பேர் சேர்ந்த சக்கரம், இதே கால்சியம் வேலை என்று தெரிந்தது.

#22 இலைத்துளை
நன்றி, பழைய நினைவில் எழுதிவிட்டேன். திருத்தத்தால் கதை இன்னும் அழகாகிறது. வெளியே ஏற்பி பிடித்தாலும் கால்சியம், உள்ளே காவலன் எழுந்தாலும் கால்சியம். வெளி எதிர்ப்பு, உள் எதிர்ப்பு என்று நாங்கள் இரண்டு பாடமாகப் படித்தோம். 2021இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின, ஒன்று இன்னொன்றைப் பலப்படுத்துகிறது, வெளி ஏற்பிகள் இல்லாவிட்டால் உள் எதிர்ப்பும் சோர்ந்துவிடுகிறது என்று. அந்தக் கோடு பாடப்புத்தக வசதிக்காகப் போட்டது.

#23 பச்சையம்
#2க்கு மன்னிக்கவும், இந்த முறை ஒழுங்கான கேள்வி. ஒவ்வொரு செல்லும் தனக்குத் தானே காவல் என்றால், ஓர் இலையைப் புழு கடித்தால் அடுத்த இலைக்குத் தெரியாதா?

#24 இலைத்துளை
தெரியும், இதை வீடியோவாகவே எடுத்திருக்கிறார்கள். கால்சியம் வந்தால் பச்சையாக ஒளிரும் புரதத்தைச் செடிக்குள் வைத்து, புழுவை மேய விட்டார்கள், 2018இல் வெளியானது. கடித்த இடத்தில் ஒளி தொடங்கி, இலை நரம்புகள் (நீரும் உணவும் போகும் குழாய்கள், நம் நரம்பு இல்லை) வழியே ஓடி, இரண்டு நிமிடத்துக்குள் தூரத்து இலைக்குப் போய்விடுகிறது. வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. அடிபட்ட செல்லிலிருந்து கசியும் குளூட்டமேட்தான் தொடக்கம். அதைப் பிடிக்கும் சவ்வுப் புரதங்கள் நம் நரம்பு செல்களின் குளூட்டமேட் ஏற்பிகளுக்குச் சொந்தம். சந்தேகப்பிராணி பாயும் முன் நானே சொல்லிவிடுகிறேன், இதனால் செடிக்கு வலிக்கிறது என்று பொருள் இல்லை.

பக்கத்து செல்லோடு பேச நேர்வழியும் உண்டு. செல்களுக்கு நடுவில் சுவரைத் துளைத்துப் போகும் பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற நுண்வழிகள், உள்ளே சவ்வு பூசியவை. கைட்டின் தெரிந்தால் செடி இவற்றின் வாயில் கேலோஸை நிரப்பி இறுக்கிவிடும். அதற்குத் தனி ஏற்பி இருப்பது 2013இல் தெரிந்தது. ஆபத்து நேரத்தில் செய்தி அனுப்புவதும் நடக்கிறது, கதவடைப்பதும் நடக்கிறது.

#25 சந்தேகப்பிராணி
நான் பாயவில்லை. "பேச" என்றதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

#26 விதைப்பெட்டி
பயிர் இனப்பெருக்கம் பக்கத்திலிருந்து கொஞ்சம். இதெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எதிரான எக்ஸ்ஏ21 மரபணு ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. 1995இல் பிரித்தெடுத்தபோது அது சவ்வு ஏற்பி என்று தெரிந்தது, எஃப்எல்எஸ்2க்கு ஐந்து வருடம் முன்பே. ஆனால் அது எதைப் பிடிக்கிறது? 2009இல் ஒரு விடை வந்தது, தவறு என்று தெரிந்து ஆய்வாளர்களே 2013இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். 2015இல் சரியான விடையும் அதே குழுவிடமிருந்து வந்தது: ராக்ஸ்எக்ஸ் என்ற சின்னப் புரதம், அதுவும் சல்பேட் ஒட்டியிருந்தால்தான் ஏற்பி பிடிக்கும். அந்தப் பாக்டீரியா ஏன் இதைச் செய்து வைத்திருக்கிறது? செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் ஒன்றைப் போலவே அது இருக்கிறது. பொய் வேடம் போட வந்து அந்த வேடத்தாலேயே பிடிபட்டது.

அதே பாக்டீரியாவின் இன்னொரு தந்திரம் எனக்கு இதைவிடச் சுவாரசியம். அது நெல்லின் மரபணு ஒன்றைத் தானே இயக்கிவிட்டு, ஸ்வீட் என்ற சர்க்கரைக் கடத்தியைச் சவ்வில் அதிகமாக்குகிறது. செல்லிலிருந்து சர்க்கரை வெளியே வழிய, அது உட்கார்ந்து சாப்பிடும். எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு என்று பல வருடம் நாங்கள் கையாண்டது, அந்தத் தந்திரம் பலிக்காத ஸ்வீட் மரபணுதான். பிறகு 2019இல், பாக்டீரியா கை வைக்கும் இடங்களை மட்டும் மரபணுத் திருத்தத்தால் மாற்றி எதிர்ப்புள்ள நெல்லை உருவாக்கிக் காட்டினார்கள்.

#27 கணிப்பொறிக்காரன்
ஏற்பியை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு மாற்றினால் வேலை செய்யுமா?

#28 விதைப்பெட்டி
செய்யும். #14இல் வந்த ஈஎஃப்ஆரைத் தக்காளிக்கு மாற்றிப் பார்த்தார்கள், 2010இல். தக்காளியின் பரம்பரையில் இல்லாத ஏற்பி, ஆனால் உள்ளே கம்பி இணைப்பு பொதுவாக இருப்பதால் பாக்டீரியா வாடல் நோய்க்கு எதிர்ப்பு கூடியது. சில நோய்களில் நேர்மாறாக, ஒரு சவ்வுப் புரதத்தை எடுத்துவிட்டால்தான் எதிர்ப்பு. பார்லியின் எம்எல்ஓ அப்படி, அது இல்லாத செடியில் சாம்பல் நோய்ப் பூஞ்சை நுழையவே திணறும். 1942இல் கண்ட மாற்றம் அது, இன்றும் வயலில் நிற்கிறது. பூஞ்சைகள் சில வருடங்களில் தாண்டிவிடும் எதிர்ப்புகளையே பார்த்துப் பழகியவனுக்கு இது அதிசயம்.

ஆனால் எல்லா ஏற்பியையும் ஒரே செடியில் திணித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃப்ளாஜெல்லின் துண்டுள்ள திரவத்தில் அரபிடாப்சிஸ் நாற்றை வளர்த்தால் அது குட்டையாக நின்றுவிடும். எந்நேரமும் சண்டைக்குத் தயாராக இருக்கும் செடி விளையாது.

#29 பச்சையம்
செடி ஆர்என்ஏவைப் பைகளில் கட்டி பூஞ்சைக்கு அனுப்புகிறது என்று எங்கோ பார்த்தேன். உண்மையா?

#30 சந்தேகப்பிராணி
2018இல் அப்படி ஒரு வேலை வந்தது, போட்ரிடிஸ் பூஞ்சைக்கு அரபிடாப்சிஸ் சின்ன ஆர்என்ஏக்களைச் சவ்வுப் பைகளில் அனுப்பி, அதன் மரபணுக்களை அடக்குகிறது என்று. ஆர்என்ஏ போவது பற்றிப் பெரிய சண்டை இல்லை. பைக்குள் போகிறதா என்பதில்தான் சண்டை. செல்லுக்கு வெளியே இருக்கும் ஆர்என்ஏவில் பெரும்பகுதி பைகளுக்கு வெளியே புரதத்தோடு ஒட்டிக் கிடப்பதாக 2022இல் வேறு குழு காட்டியது. படத்தில் வரைவதாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பென்சிலிலேயே இருக்கட்டும்.

#31 அரைகுறை
வரைந்து முடித்தேன், இணைத்திருக்கிறேன். இடது பக்கம் இலை, வலது பக்கம் வேர். சவ்வில் லாடங்கள், நடுவில் பசைத் துண்டு, கீழே இரண்டு கைனேஸ்கள் கைகோத்தபடி. ஒரே ஒரு கேள்வி. துண்டைப் பிடித்த லாடம் அதற்கு அப்புறம் என்ன ஆகும்? சவ்விலேயே நிற்குமா?

#32 இலைத்துளை
நிற்காது. அரை மணி நேரம் போனால் சவ்வு அந்த இடத்தில் உள்வாங்கி, ஏற்பியைச் சின்னப் பையில் விழுங்கி அழிக்க அனுப்பிவிடும். அதனால் கொஞ்ச நேரம் அந்தச் செல் ஃப்ளாஜெல்லினுக்குச் செவிடு. புது ஏற்பி செய்து சவ்வுக்கு வந்தால்தான் மறுபடி கேட்கும். ஓரத்தில் ஒரு பை வரைந்துவிடுங்கள்.

படம் நன்றாக இருக்கிறது. ஒரு பிழை மட்டும்: இலைப் பக்கத்தில் பாக்டீரியாவைச் செல்லுக்கு உள்ளே வரைந்திருக்கிறீர்கள். சூடோமோனாஸ் செல்லுக்குள் போவதே இல்லை. செல்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் கடைசி வரை இருக்கும்.

#33 அரைகுறை
அழித்து வெளியே வைத்துவிட்டேன். வேர்ப் பக்கத்தில் மட்டும் உள்ளேயே இருக்கிறது, சுற்றி ஒரு கோடு போட்டு.

#34 வேர்முடிச்சு
அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் போடுங்கள். அச்சில் காணாமல் போய்விடும்.